நிரல்–இயங்குதளப் பொருத்தம்

நிரல்–இயங்குதளப் பொருத்தம் என்பது கணினி நிரலொன்று இயங்குதளத்தின் பிட் கட்டமைப்புக்கு ஏற்றதாக இருத்தல் ஆகும். 32 பிட் விண்டோசில் 64 பிட் நிரல்கள் இயங்கா. 64 பிட் விண்டோசில் 32 பிட் நிரல்கள் பெரும்பாலும் இயங்கும். 16 பிட் நிரல்கள் இயங்கா. வன்பொருள் இயக்கிகள் இயங்குதளத்தின் வகையிலேயே இருத்தல் வேண்டும்.

சரிபார்க்கும் முறை

விண்டோசு 10இல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என வரிசையாகச் சென்றால், 'சிஸ்டம் டைப்' என்னும் வரியில் இயங்குதளம், நுண்செயலி ஆகிய இரண்டின் வகையும் தெரியும். 64 பிட் நுண்செயலியில் 32 பிட் விண்டோசு நிறுவப்பட்டிருக்கலாம். அப்போது இயங்குதளத்தின் வகையைப் பார்த்தே நிரலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயங்கும் நிரலின் வகையை டாஸ்க் மேனேஜரில் காணலாம்.

32 பிட் விண்டோசை 64 பிட்டுக்கு மாற்ற, அதைப் புதிதாகவே நிறுவ வேண்டும். எனவே கோப்புகளை முன்னரே படியெடுத்து வைத்தல் அவசியம்.