இதய நாடியை வரையும் எந்திரம்

தமிழாசிரியருக்கு இதய நாடியில் என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். ஸ்கந்தபுரத்து வயல்களுக்கு நீர் பாய்ச்சிய நமக்கு இப்பொருள் அத்துணை அந்நியமன்று. வாய்க்காலில் மண் சரிந்தால், கடைவயல் எவ்வளவு வாடுமெனச் சரிவைப் பார்த்த மாத்திரத்திற் சொல்லிவிட இயலாது. அதற்கப்பால் எவ்வளவு நீர் செல்கின்றதெனவே பார்த்தல் வேண்டும். இதயத் தசைக்குக் குருதி ஊட்டும் முடியுரு நாடிகளும் அத்தகையனவே.

மணிக்கட்டு அல்லது தொடை வழியாக நுண்கம்பியைச் செலுத்தி, அடைப்புக்கு முன்னும் பின்னுமுள்ள அமுக்கத்தை மருத்துவர் ஒப்பிடுவர். விகிதம் 0.80 அல்லது அதனிற் குறைவாயின், அவ்வடைப்புக் குருதியோட்டத்தைத் தடுப்பதாகக் கொள்வர். கம்பியின்றியே, ஸ்கான் படத்திலிருந்து இவ்விகிதத்தைக் கணிக்கும் முறையொன்றை, ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துச் சார்ள்ஸ் ரெயிலரும் கிறிஸ்தோபர் சேரின்சும் நிறுவிய ஹாட்புளோ நிறுவனம் ஆக்கிற்று. அமெரிக்க அரசு 2014இல் அதற்கு அனுமதி வழங்கியது.

நாடிகளின் கிளையும் வளைவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் தனி மாதிரியுரு வரைதல் வேண்டும். நூற்றுக்கணக்கான படத்துண்டுகளிற் கையால் எல்லை கீறுவது நெடுநேர வேலை. இங்கேதான் ஆழ்கற்றல் துணைக்கு வருகின்றது. நாம் ஏடு திருத்துவது போன்றதே அதன் பயிற்சி: வல்லுநர் முன்னரே எல்லை கீறிய படங்களை எந்திரத்துக்குக் கொடுப்பர், அது தானும் கீறிப் பார்க்கும், பிழைக்குத் தக்கவாறு தன் உள்ளெண்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும். ஜேர்மனியின் பிறைபேர்க் பல்கலைக்கழகத்தில் 2015இல் ஆக்கப்பெற்ற ‘யூ-நெற்’ என்னும் அமைப்பு இத்துறையிற் பெரிதும் பின்பற்றப்படுவது. அது படத்தைச் சுருக்கி ‘யாது’ என்பதை உணர்ந்து, மீள விரித்து ‘எவ்விடத்தது’ என்பதைக் குறிக்கும். (நம் மாணவர் பலர் சுருக்கத்துடன் நின்றுவிடுவர்.) எல்லை அமைந்த பின்னர், குருதியோட்டத்தைப் பௌதிகச் சமன்பாடுகள் கணிக்கும்.

இடர் எல்லையிலேயே உள்ளது. நேரிய குழாயிற் பாயும் அளவு ஆரையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 2 மில்லிமீற்றர் அகலத்தை 1.8 எனக் கீறிவிட்டால், அதே அமுக்கத்திற் பாய்ச்சல் மூன்றிலொரு பங்கு குறைந்துவிட்டதாகக் கணக்குச் சொல்லும். கல்சியப் படிவு படத்தில் உள்ளதினும் பருத்துத் தோன்றும். துடிக்கும் இதயமோ படத்தை மங்கச் செய்யும். ஆதலால் எந்திரம் கீறியதைப் பயின்றோர் கண் மீளவும் பார்த்துத் திருத்துகின்றது. எந்நாட்டவர் படங்களில் அது பயின்றதென்பதையும் மருத்துவராயுள்ள நம் பழைய மாணவர் வினவுதல் வேண்டும்.

பயன் சிறிதன்று. 2015இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்றில், நாடியுட் குழாய் செலுத்தும் பரிசோதனைக்கெனக் குறிக்கப்பட்டு, ஸ்கான் வழியே முதலில் ஆராயப்பட்ட 193 பேருள் 117 பேருக்கு அப்பரிசோதனை வேண்டாவெனக் கைவிடப்பட்டது.