கரண்ட் வைத்த கழுத்துக்கு ஒரு ஸ்கேன்

தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொண்டவர்களுக்கு, நோய் திரும்பிவிடுமோ என்ற ஒரே பயம்தான். கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகளை யாரும் நினைப்பதில்லை.

என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருந்தவர். பீடிப் பழக்கம். ஏழு வாரம் கரண்ட் வைத்துப் பிழைத்தார். குரல் மட்டும் கரகரத்துப் போனது. பத்து வருடம் கழித்து ஒரு காலை, வலது கையிலிருந்த காபி டம்ளர் நழுவியது, பேச்சு குழறியது. பத்தே நிமிடத்தில் சரியானது. "சுகர் இறங்கியிருக்கும், விடு" என்றார். அக்காவும் விட்டுவிட்டாள், அவர் பேச்சே அப்படித்தானே! எனக்கு உறுத்துவது இதுதான். கரண்ட் வைத்தவர்களின் குரலும் நாக்கும் முன்பே மாறியிருப்பதால், பக்கவாதத்தின் முதல் எச்சரிக்கை வீட்டாருக்குத் தெரியாமலே போகிறது.

மகள்தான் விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். கழுத்தில் ஜெல் தடவி டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். வலி இல்லை, ஊசி இல்லை. இடது கரோட்டிட்டில் பாதிக்கு மேல் அடைப்பு. கட்டியைக் கொல்லும் கதிர், பக்கத்தில் ஓடும் தமனியின் உள்சுவரையும் அந்தச் சுவருக்கே ரத்தம் ஊட்டும் நுண்குழாய்களையும் சிதைக்கிறது. சுவர் தடித்து, தழும்பேறி, கொழுப்பு படிந்து, வருடக்கணக்கில் குறுகுகிறது. கழுத்தில் கதிர்வீச்சு பெற்ற, 60 வயதுக்கு உட்பட்ட 367 பேரை நெதர்லாந்தில் தொடர்ந்து கவனித்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். அதற்காகக் கரண்ட் வேண்டாம் என்று எவரும் மறுத்துவிடக் கூடாது. மாமா உயிரோடு இருப்பதே அதனால்தான்.

இறுகிப்போன கழுத்தைத் திறந்து அறுவை செய்வது சிரமம் என்பதால், தொடை வழியே குழாய் விட்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை தொடர்கின்றன. பீடி போயே போய்விட்டது.

அரிதாக, ஆறாத புண் தமனிவரை அரித்து அது வெடிப்பதும் உண்டு. இரண்டாம் முறை கரண்ட் வைத்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். வாயிலோ கழுத்துப் புண்ணிலோ கொஞ்சம் ரத்தம் வந்து தானாக நின்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் பீறிட்டால் துணியால் அழுத்திப் பிடித்தபடி 108ஐ அழையுங்கள்.

பக்கவாத அறிகுறி தெரிந்தாலும் இதே அவசரம் வேண்டும். நாட்டின் முதல் நரம்பு அறுவைப் பிரிவை 1949இல் தொடங்கிய வேலூர் சிஎம்சி மருத்துவமனை, ஆம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழறல் தெளியட்டும் என்று வீட்டில் காத்திருந்தால் அந்த நேரம் கரைந்துவிடும்.

மாமாவுக்கு இப்போது வருடாவருடம் டாப்ளர். வலது பக்கத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அதுவும் அதே கதிரை வாங்கியதுதானே.