காதணியும் கிருமியும்

கந்தளாய்க் குளத்தை அண்டி வாழும் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகிய மூவினத்தாரிடையேயும் காணப்படும் வழக்கங்களுள் ஒன்று, பெண் குழந்தைக்குக் காது குத்துதல். சுசுருத சங்கிதையில் இதற்கெனத் தனி அத்தியாயமே உண்டு. 6ஆம் அல்லது 7ஆம் மாதத்தில், வெயிலொளி ஊடுருவித் தெரியும் இடம் பார்த்துக் குத்துக என்பது அந்நூலின் விதி. இரத்த நாளத்தைத் தவிர்க்கும் உபாயம் அது.

காதின் மேற்பகுதியில் துளையிடுவது இன்றைய நாகரிகம் என்று இளம் பெண்கள் எண்ணுகின்றனர். கொப்பும் முருகும் அணிந்த பாட்டிமார் இதைக் கேட்டால் நகைப்பர்! புதியது ஆசையன்று, கருவியே. பத்தரின் கூரிய ஊசிக்குப் பதிலாக, விசையால் தோட்டையே காதினுள் செலுத்தும் துப்பாக்கி பல அழகு நிலையங்களிற் புகுந்துவிட்டது. மழுங்கிய முனை இழையத்தை நசுக்கிக்கொண்டே நுழைகிறது. 121 பாகை வெப்பமுள்ள நீராவியில் 15 நிமிடம் வைத்தே கருவிகளைக் கிருமியொழிப்பர். அத்துப்பாக்கிகளுட் பலவற்றின் பிளாத்திக்குப் பாகங்கள் அவ்வெப்பத்தைத் தாங்கமாட்டா.

காதின் மேற்பகுதி கசியிழையத்தாலானது, அதாவது குருத்தெலும்பு. அதற்குத் தனி இரத்த ஓட்டம் இல்லை. போர்த்திய மென்சவ்விலிருந்தே உணவு பெறுகிறது. இடையிற் சீழ் கட்டினால் உணவு தடைப்பட்டுக் கசியிழையம் மடியும். காது சுருங்கி உருக்குலையும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், ஒரே கடையில் மேற்காது குத்திக்கொண்டோருள் 7 பேருக்குச் சூடோமோனாசு என்னும் கிருமி தொற்றியமை உறுதியாயிற்று. கிருமி குடியிருந்த இடங்களுள் ஒன்று எது தெரியுமா? கிருமிநாசினிப் போத்தலே!

ஊசி ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லுமாயின், ஈரலழற்சி பி, சி, எச்.ஐ.வி. ஆகியனவும் உடன் செல்லக்கூடும். இலங்கையிற் குழந்தைகளுக்கு ஈரலழற்சி பி தடுப்பூசி 2003 முதல் ஏற்றப்படுகிறது. சி வகைக்கோ தடுப்பூசியே இல்லை. மலிவான தோடுகளிலுள்ள நிக்கல், ஒவ்வாமையையும் அரிப்பையும் உண்டாக்கும்.

இங்கிலாந்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டம், காது குத்துவோரும் அவர்தம் இடமும் உள்ளூராட்சி மன்றத்திற் பதிவுபெற வழிசெய்தது. 2003இல் உடலின் பிற பாகங்களில் அழகுக்காகத் துளையிடுதலும் சேர்க்கப்பட்டது. ஆனால் பதிவு வேறு, தேர்ச்சி வேறு. வேல்சு நாடு இதனை உணர்ந்து, 2024 நவம்பர் முதல் உரிமம் பெறுவோர் தொற்றுத் தடுப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும் என விதித்தது. எனக்கு இம்முறையே ஏற்புடையது. சுவரில் தொங்கும் சான்றிதழ் கையைக் கழுவிவிடாது அல்லவா?

நம் ஊரில் ஐயம் எழுந்தாற் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடலாம். பெற்றோர் கடையிலேயே கேட்க வேண்டியவை சில. ஊசி முத்திரை உடையாத உறையிலிருந்து நம் கண்முன் எடுக்கப்படுகிறதா? கையுறை புதியதா? குழந்தைக்கு ஏற்புவலித் தடுப்பூசி ஏற்றியாயிற்றா என்று அவர் நம்மைக் கேட்கிறாரா? முகஞ்சுளிப்பவரிடம் காதைக் கொடுக்க வேண்டா.

மாணவியருக்கு ஒரு வார்த்தை. மடல் ஆற 6 முதல் 8 வாரங்கள் செல்லும். மேற்காது ஆறப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டும் ஆகும். விடுமுறையின் முதல் நாளிற் குத்திப் பாடசாலை தொடங்கும் நாளிற் கழற்றிவிடலாம் என்ற கணக்கு மேற்காதிற்குப் பொருந்தாது.