உப்பில்லாப் பொடியில் ருசி எங்கிருந்து வருகிறது?

சாம்பார்ப் பொடி, ரசப் பொடி அரைக்கும்போது பெரும்பாலான வீடுகளில் உப்புப் போடுவதில்லை. அது குழம்பில்தான் விழுகிறது. இட்லிக்கும் சோற்றுக்கும் நேரே தொட்டுக்கொள்ளும் பொடிகளில்தான் உப்பையும் சேர்த்து அரைக்கிறோம். ரத்தக் கொதிப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பொடியைத்தான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி அளவுக்குள் அது அடங்கிவிடும்.

பழைய பக்குவத்தில் உப்பை மட்டும் விட்டுவிட்டு அரைத்தால் பொடி சப்பென்றிருக்கும், லேசாகக் கசக்கவும் செய்யும். ஏன்? கல்யாணச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரர் எல்லாவற்றையும் தானே கிண்டுவதில்லை. ஒருவரை அடக்கி, இன்னொருவரை முன்னே விட்டு வேலை வாங்குவார். உப்பும் அப்படித்தான். கரிப்பதோடு நிற்காமல், அதிலுள்ள சோடியம் கசப்பை நாக்கில் அமுக்குகிறது. கசப்பு அடங்கியதும் மற்றச் சுவைகள் மேலே வருகின்றன. தலைமைச் சமையல்காரர் வராத நாளில் அத்தனை வேலையையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்தால் பந்தி கெடும். பிரித்துக் கொடுக்க வேண்டும்.

பெரிய பங்கு வறுவலுக்கு. கடலைப் பருப்பு, உளுத்தம் பருப்பு வகைக்கு நான்கு மேசைக்கரண்டி. தனித்தனியாக, சிறு தீயில், பொன்னிறம் தாண்டிச் சிவக்கத் தொடங்கும்வரை வறுங்கள். பருப்பிலுள்ள புரதக் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து, பச்சைப் பருப்பில் இல்லாத புது மணங்களை உண்டாக்குகின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி மையார் 1912இல் விவரித்த வினை இது. ஆனால் கருகவிடாதீர்கள். கருகலின் கசப்பை மறைக்க இங்கே உப்பு இல்லை. அதே காரணத்துக்காக வெந்தயமும் வேண்டாம்.

அடுத்து மணம். மெல்லும்போது எழும் வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அதுதான். இரண்டு மேசைக்கரண்டி தனியா, ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு மேசைக்கரண்டி எள், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. எள் படபடவென்று வெடிக்கும்வரை, இலை நொறுங்கும்வரை. சீரகத்தைக் கடைசியில் சூடு காட்டினால் போதும், அதன் எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். பெருங்காயத்தை இரண்டு சொட்டு நல்லெண்ணெயில் பொரித்துச் சேர்க்கலாம்.

புளிப்பு கொஞ்சம் இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. நெல்லிக்காய் அளவு புளியைப் பிய்த்து, வெறும் வாணலியில் ஈரம் போக வாட்டுங்கள்.

மிளகாய் நான்கு போதும். உப்பில்லையே என்று காரத்தைக் கூட்டுவது பலரும் செய்வது. எனக்கு அது சரியாகப் படவில்லை. காரம் நாக்கின் சுவை மொட்டுகள் அறிவதல்ல, சூட்டை உணரும் நரம்புகள் அறிவது. எரிச்சல் மிஞ்சினால் மணம் தெரியாமல் போகும்.

எல்லாம் நன்றாக ஆறியபின் கொரகொரப்பாக அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் ஆவி கட்டிப் பொடி கட்டிதட்டும். இரண்டு வாரத்தில் தீரும் அளவே போதும்.

இந்துப்பும் சோடியம்தான், அதற்கு மாறுவதால் பயனில்லை. கடையில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்ந்திருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.