தொலைக்காட்சிக்கு வந்த மௌஸும் தொலைந்துபோகும் சித்திரங்களும்

வீடியோ விளையாட்டு என்றதும் பெரும்பாலான உம்மாமாருக்கு நினைவில் வருவது ஒரே காட்சிதான். மகன் தொலைக்காட்சியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பான். கூப்பிட்டால் காதில் விழாது. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் தங்கை, "எனக்கும் ஒருதரம் தாங்க நானா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் முறை மட்டும் வருவதில்லை.

அந்தத் தங்கை போன்ற பிள்ளைகளுக்கும் ஏற்ற ஒரு பொருள் இந்த விளையாட்டுக் கருவிகளோடு சேர்ந்து கடைக்கு வந்த காலமும் உண்டு. கணனிக்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணியிருந்த மௌஸ்தான் அது.

மௌஸின் பிறப்பு 1960களில். அமெரிக்கரான டக்ளஸ் எங்கல்பார்ட்டின் ஆராய்ச்சிக் குழு உருவாக்கிய முதல் மௌஸ், அடியில் இரண்டு சில்லுகள் பூட்டிய சிறிய மரப்பெட்டிதான். 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் அவர் அதைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். அலுவலக மேசைகளுக்கு அது பரவலாக வந்து சேரவே இருபது வருடங்கள் வரை சென்றன.

1992இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், வீட்டுத் தொலைக்காட்சியில் பூட்டும் தனது சூப்பர் நின்டெண்டோ கருவிக்காக 'மரியோ பெயின்ட்' என்ற ஒன்றை வெளியிட்டது. பெட்டியைத் திறந்தால் கசட்டுடன் இரண்டு பொத்தான்கள் உள்ள ஒரு மௌஸும், அதை வைத்து நகர்த்த ஒரு பிளாஸ்டிக் தட்டும் இருக்கும். சண்டை, ஓட்டம், பாய்ச்சல் எதுவும் பிரதானமில்லை. பிள்ளை அதில் படம் வரையலாம்.

வழமையான கட்டுப்பாட்டுக் கருவியால் இதை ஏன் செய்ய முடியாது என்று கேட்பீர்கள். அதிலுள்ள சிலுவை வடிவப் பொத்தான் மேல், கீழ், இடம், வலம் என்று திசையைத்தான் சொல்லும். ஒரு முகத்தின் வட்டத்தையோ பூவின் இதழையோ அப்படித் தட்டித் தட்டி வரைவதென்றால் பெரியவர்களுக்கே பொறுமை போய்விடும். மௌஸ் கை போகும் வழியிலேயே போகும். அதன் வயிற்றில் ஓர் உருண்டை இருந்தது. அது உருளும்போது இரண்டு சிறு உருளைகள் சுழலும். ஒன்று குறுக்கு அசைவையும் மற்றது நெடுக்கு அசைவையும் அளக்கும். அந்த உருளைகளில் தூசும் நூலும் சுற்றிக்கொண்டால் மௌஸ் முரண்டு பிடிக்கும். தையல் இயந்திரத்தில் சிக்கிய நூலை ஊசி முனையால் எடுப்பதுபோல அவற்றை எடுத்துத் துப்புரவாக்க வேண்டியிருந்தது.

பதினைந்து நிறங்கள், எழுபத்தைந்து கோலங்கள். பிழையாகப் போன கோட்டை நீக்க ஒரு நாய்க்குட்டியின் படத்தை அழுத்தினால் போதும். சில சித்திரங்களை அடுத்தடுத்து ஓடவிட்டு அசையும் படம் செய்யலாம். சுரங்களுக்குப் பதிலாகச் சிறு படங்களை வரிசையில் ஒட்டிப் பாட்டும் அமைக்கலாம். கை மௌஸுக்குப் பழகுவதற்கென்றே ஈ அடிக்கும் விளையாட்டு ஒன்றும் இருந்தது! கெட்டிக்கார யோசனை. பாடம் என்று சொல்லாமலே பிள்ளையின் மணிக்கட்டு பழகிவிடும்.

ஆனால் ஒரு பெரிய குறை இருந்தது. கசட்டின் ஞாபகத்தில் ஒரு சித்திரத்துக்குத்தான் இடம். அடுத்ததைச் சேமித்தால் முந்தியது போய்விடும். ஏழு வயதுப் பிள்ளை தன் வீட்டை வரைந்து சேமித்திருப்பாள். மறுநாள் நானா ஒரு காரை வரைந்து சேமிப்பான். வீடு இல்லாமல் போகும். வீடியோ டெக் இருந்த வீட்டில் தொலைக்காட்சியில் தெரிவதை நாடாவில் பதிந்து வைக்க வழியிருந்தது. மற்றவர்களுக்கு அதுவுமில்லை.

எஞ்சிய அந்த ஒரு சித்திரமும் கசட்டுக்குள் இருக்கும் சின்ன பற்றரியை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. அது முப்பது வருடங்களைத் தாண்டிய பற்றரி. தீர்ந்தால் சித்திரமும் போய்விடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் யாராவது கொண்டுவந்த பழைய மரியோ பெயின்ட் உங்கள் அலுமாரியில் கிடந்தால், விற்கவோ திருத்தக் கொடுக்கவோ முன்பு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். படம் தெரிந்தால் கைத்தொலைபேசியில் உடனே பிடித்து வையுங்கள். பற்றரியைக் கழற்றும்போதும் உள்ளே இருந்தது அழிந்துவிடலாம்.

இத்தனை நல்ல பொருள் ஏன் எல்லா வீட்டிலும் நிலைக்கவில்லை? முதல் காரணம் சாதாரணமானது. மௌஸுக்குச் சமதளம் வேண்டும். தொலைக்காட்சியை நாம் பார்ப்பது கதிரையிலோ பாயிலோ இருந்து. மடியில் பெரிய புத்தகத்தை வைத்து அதன்மேல் மௌஸை ஓட்டுவது எத்தனை நேரத்துக்கு முடியும்?

இரண்டாவது காரணம்தான் பணம் கொடுக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியது. மேலதிகமாக வாங்கும் பொருள் எல்லோரிடமும் இருக்காது. எல்லோரிடமும் இல்லாத பொருளை நம்பி விளையாட்டுத் தயாரிப்பவர்கள் விளையாட்டுச் செய்வதில்லை. விளையாட்டுக் குறைவானால் அந்தப் பொருளை யார் வாங்குவார்? சேகாவின் மெகா டிரைவுக்கும் சோனியின் பிளேஸ்டேஷனுக்கும் இவ்வாறே மௌஸ்கள் வந்தன. அவை வேலை செய்தது சில விளையாட்டுகளில் மட்டுமே. மிச்ச நேரமெல்லாம் இலாச்சியில்தான்.

பிந்திய வருடங்களில் மௌஸைத் தேடியவர்கள் பெரும்பாலும் சுடும் விளையாட்டுக்காரர்கள். பெருவிரலால் குறிவைப்பதைவிட மௌஸால் குறிவைப்பது விரைவானது. 2018இல் எக்ஸ்பொக்ஸ் வன் கருவியும் மௌஸுக்கு இடம் கொடுத்தது. எந்த விளையாட்டில் என்பதை அந்தந்த விளையாட்டைச் செய்தவர்களே தீர்மானித்தார்கள். இதைச் சுற்றிப் போக, மௌஸைச் சாதாரணக் கட்டுப்பாட்டுக் கருவி போலக் காட்டும் மாற்றிகளும் விற்பனையாகின்றன. இணையத்தில் பிறரோடு போட்டியிடும்போது பல விளையாட்டுகளில் இது ஏமாற்றாகவே கொள்ளப்படுகிறது. மகன் அப்படியொன்றைக் கேட்டால் விலையை மட்டும் கேட்டுவிட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அது எதற்கு என்றும் கேளுங்கள்.

2025 ஜூன் 5ஆம் திகதி வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 இல் மௌஸ் தனியாக விற்கப்படவில்லை. கூடவே வரும் இரண்டு கைப்பிடிகளில் எதையும் பக்கவாட்டில் சாய்த்து வைத்து நகர்த்தினால் அதுவே மௌஸ். உருண்டை இல்லை, தூசு எடுக்கும் வேலையும் இல்லை. மேசைதான் வேண்டும் என்பதில்லை. உடுத்தியிருக்கும் காற்சட்டையின் மேலேயே தொடையில் வைத்து ஓட்டலாம். விளையாட்டு அதற்கு இடம் கொடுத்தால் ஒன்றை நானா வைத்துக்கொள்ள, மற்றதைத் தங்கை எடுத்துக்கொள்ளலாம்.