பன்னிரண்டு சதுர மீட்டர் வலை

பாலே மேடையில் ஆடுபவளின் இடுப்பைச் சுற்றிக் கிடையாக விரிந்து நிற்கும் டுடு பாவாடையை முதலில் துணிக்கடைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு டுடுவுக்கு 10 முதல் 12 அடுக்கு நெட் வைப்பது வழக்கம். 10 என்றே வைத்துக்கொள்வோம். மேலடுக்கின் அகலம் 38 செ.மீ. கீழே போகப்போக அடுக்குக்கு 4 செ.மீ. குறைத்தால் கடைசி அடுக்கு 2 செ.மீ. பத்தையும் கூட்டினால் 200 செ.மீ. அடுக்கு ஒவ்வொன்றுக்கும் 6 மீட்டர் நீளம் விட்டுச் சுருக்கினால் 12 சதுர மீட்டர் நெட் வேண்டும். 137 செ.மீ. பன்னாவில் அது ஏறத்தாழ 9 மீட்டர்; ஒன்றரைப் புடவை நீளத்துக்கும் சற்று மேல்.

இவ்வளவு துணியும் போய்ச் சேருமிடம் 90 செ.மீ. இடுப்பு. 6 மீட்டரை 90 செ.மீ.க்குள் சுருக்கினால், இடுப்பின் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் ஓர் அடுக்குக்கு 6.7 செ.மீ. நெட் நெருங்கி நிற்கும். பத்து அடுக்குக்கும் சேர்த்து 67 செ.மீ. பாவாடை விழாமல் நிற்கும் ரகசியம் இந்த நெருக்கடியில்தான் இருக்கிறது. விளிம்புக்கு வந்தால் சுற்றளவு 3.29 மீட்டராகிவிடுகிறது, அங்கே மேலடுக்கில் சென்டிமீட்டருக்கு 1.8 செ.மீ. நெட்தான். அடியில் கெட்டி, ஓரத்தில் காற்று. கீழே உள்ள குட்டை அடுக்குகள் மேலே உள்ள நீள அடுக்குகளைத் தாங்கிப் பிடிக்கின்றன. இன்னும் தட்டையாக வேண்டுமானால் நடுவில் ஒரு மெல்லிய எஃகு வளையத்தைச் செருகுவார்கள். பிறகு அடுக்குகள் தனித்தனியே அலையாதபடி, ஒன்றோடொன்றைக் கையால் தளர்வாகத் தைத்துப் பிணைக்க வேண்டும். இந்தத் தையலை இறுக்கினால் பாவாடை சுருண்டுகொள்ளும். விட்டுப் பிடித்தால் கலைந்துபோகும். இதற்கு இன்றுவரை நம்பகமான கருவி கை ஒன்றுதான்.

அந்தக் கைக்கு எவ்வளவு நேரம்? தேர்ந்த தையற்காரருக்கு 60 முதல் 90 மணி என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. மணி, ஜரிகை, கல் வேலை கூடினால் 100ஐத் தாண்டும். நடுவாக 75 மணி என்று கொள்வோம். மணிக்கு 30 டாலர் கூலி என்றால் 2,250 டாலர். நெட் மீட்டருக்கு 6 டாலர் என்று போட்டாலும் 9 மீட்டருக்கு 54 டாலர்தான். துணியைப் போல நாற்பது மடங்கு கூலி. ‘ஸ்வான் லேக்’ நாட்டியத்தில் 24 அன்னங்கள் வரிசை கட்டினால் 288 சதுர மீட்டர் நெட், 1,800 மணி வேலை. ஒரே ஆள் தினம் 8 மணி நேரம் உட்கார்ந்தால் 225 நாள். டுடுவின் விலை அதிகம் என்று சொல்பவர்கள் இந்த 225 நாளைப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒரு டுடு ஓர் ஆளுக்கு மட்டும் என்று தைக்கப்படுவதில்லை. முதுகுப்பக்கம் கொக்கி மாட்டும் வளையங்களை இரண்டு மூன்று வரிசையாகத் தைத்து வைப்பார்கள்; உடல்வாகு மாறினாலும் வரிசை மாற்றி மாட்டிக்கொள்ளலாம். பலவற்றின் உட்பக்கம், அதை அணிந்தவர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். சாதாரணமாகத் தண்ணீரில் போட்டு அலசுவதில்லை. வியர்வை வாடைக்குத் தண்ணீர் கலந்த வோட்கா தெளிப்பது பல நாடகக் கொட்டகைகளின் உடைப்பிரிவில் பழைய வழக்கம்.

இனி, நெட் என்ற இந்த வலை மலிவான கதை. ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் 1809இல் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஏறத்தாழ 25 ஆண்டுகளில் சதுர கெஜம் 5 பவுனுக்கு விற்ற வலை 5 பென்ஸுக்கு இறங்கியது என்று எழுத்தாளர் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். எனவே விலை 240இல் ஒரு பங்காகிவிட்டது. நம்முடைய 12 சதுர மீட்டர் என்பது 14.4 சதுர கெஜம். பழைய விலையில் 72 பவுன், புதிய விலையில் 72 பென்ஸ், அதாவது 6 ஷில்லிங். அரண்மனைச் சீமாட்டிகளுக்கு மட்டும் எட்டிய துணி, கூட்ட நடனத்தில் பின்வரிசைப் பெண்ணுக்கும் எட்டியது. வலி இல்லாமல் இது நடக்கவில்லை. 1816 ஜூன் 28 இரவு லஃப்பரோவில் ஹீத்கோட்டின் ஆலையில் புகுந்தவர்கள் 55 இயந்திரங்களை உடைத்தார்கள். 10,000 பவுன் நஷ்டஈட்டை அந்த வட்டாரத்திலேயே செலவிட வேண்டும் என்றபோது மறுத்துவிட்டு, ஹீத்கோட் டெவனிலுள்ள டிவர்டனுக்குப் போனார். அந்த நிறுவனம் இன்னும் அங்கே நடக்கிறது. 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் பாராசூட் துணி அங்கே நெய்ததுதான்.

மீண்டும் மேடைக்கு வருவோம். 1832 மார்ச் 12. பாரிஸ் ஓபெராவில் மரி தாலியோனி ‘லா சில்ஃபீட்’ ஆடினார். கெண்டைக்கால்வரை தொங்கும் வெள்ளை மணிப்பாவாடை அன்றுமுதல் பாலேயின் அடையாளமாயிற்று. அந்த ஓபெராவில் 1822 முதல் எரிவாயு விளக்கு. அடுக்கடுக்கான மெல்லிய துணி, அடுக்குகளுக்கிடையே காற்று, பக்கத்திலேயே திறந்த சுடர். இந்தப் பேரேட்டின் மிகக் கனத்த செலவு இங்கேதான் எழுதப்பட்டது.

1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் மேடையில் நடனப் பெண் கிளாரா வெப்ஸ்டரின் பாவாடை தீப்பற்றியது; மூன்றாம் நாள் இறந்தார். 1861 செப்டம்பர் 14 அன்று ஃபிலடெல்ஃபியாவின் கான்டினென்டல் தியேட்டரில் ஒருத்தி உடையில் பற்றிய தீ, காப்பாற்ற ஓடிவந்தவர்களையும் பிடித்தது. குறைந்தது 6 நடனப் பெண்கள் மாண்டார்கள். 1862 நவம்பர் 15 அன்று, பாரிஸ் ஓபெரா ஒத்திகையில் எம்மா லிவ்ரிக்குத் தீப்பிடித்தது. வயது 20. உடலில் 40 சதவீதம் வெந்துபோய், 253 நாள் வேதனைப்பட்டு, 1863 ஜூலை 26 அன்று கண்மூடினார்.

தீயைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. துணியைத் தீப்பிடிக்காமல் காக்கும் உப்புக் கரைசல்களை 1821லேயே வேதியியலாளர் கே-லுசாக் ஆராய்ந்து சொல்லியிருந்தார். நாடக உடைகளுக்கு அந்த வகைப் பதம் கட்டாயம் என்று பிரான்சில் 1859இல் ஆணையும் வந்தது. பதமிட்ட துணி விறைத்து மங்கியது; லிவ்ரி அதை உடுத்த மறுத்து 1860இல் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 17. காற்றில் மிதப்பவளாகத் தெரிந்தால்தான் பிழைப்பு என்ற நிலையில் இருந்த ஒரு சிறுமியின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு நிர்வாகம் விலகி நின்றது தவறு. பாதுகாப்பை ஆடுபவளின் விருப்பத்துக்கு விட்டிருக்கவே கூடாது. அவர் உடையில் மிஞ்சிய கருகிய துண்டுகள் ஓபெராவின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1881இல் லண்டன் சவாய் தியேட்டர் ஏறத்தாழ 1,200 மின்விளக்குகளுடன் திறந்தது. சுடர் மெல்ல மெல்ல மேடையை விட்டுப் போயிற்று. அதே பத்தாண்டில் பாவாடையும் குட்டையானது. 1885இல் பீட்டர்ஸ்பர்க் வந்த நடனக் கலைஞர் விர்ஜினியா சூக்கி நீளப் பாவாடை வேண்டாமென்று பிடிவாதம் பிடித்தார். கால் வேலை தெரிய வேண்டுமே! 1895இல் பியரினா லெக்னானி ‘ஸ்வான் லேக்’கில் ஒற்றைக்காலில் நின்று 32 சுற்றுச் சுற்றினார். இன்றைய டுடுவின் 3.29 மீட்டர் விளிம்பை 32ஆல் பெருக்கிப் பாருங்கள்: கால் ஓரிடத்தில் நிற்க, பாவாடை விளிம்பு 105 மீட்டர் ஓடியிருக்கும்.

அடுத்த சிக்கல் இடநெருக்கடி. ஒரு டுடுவின் குறுக்களவு ஒரு மீட்டருக்கு மேல். நடன அமைப்பாளர் பாலன்சீனின் ‘சிம்ஃபனி இன் சி’ நாட்டியத்தின் முடிவில் 50 பேர் போல மேடையில் நிற்பார்கள். வளையம் வைத்த பாவாடைகள் ஒன்றையொன்று இடித்துத் தூக்கின. 1950இல் உடை வடிவமைப்பாளர் பார்பரா கரின்ஸ்கா வளையத்தை எடுத்துவிட்டு, 6, 7 அடுக்கோடு நிறுத்தி, மென்மையாகச் சரியவிட்டார். இடிபாடு நின்றது. எனக்கு இந்த மொத்த வரலாற்றிலும் மிகப் பிடித்த கழித்தல் இதுதான்.

சந்தை டுடுவைப் பெருக்கலாகவே பார்த்தது. ‘செக்ஸ் அண்ட் த சிட்டி’ தொடரின் முகப்புக்காக உடை வடிவமைப்பாளர் பட்ரீஷியா ஃபீல்ட் 5 டாலருக்கு எடுத்த டுடு ரகத்தில் ஒன்று 2024 ஜனவரியில் 52,000 டாலருக்கு ஏலம் போயிற்று, 10,400 மடங்கு. நிஜ நெட் பாவாடை கட்டி ஓவியர் டெகா 1881இல் காட்சிக்கு வைத்த 14 வயது நடனச் சிறுமியின் மெழுகுச் சிலையிலிருந்து, டெகா இறந்தபின் வார்த்த வெண்கலப் பிரதி ஒன்று 2022 மே மாதம் 41.6 மில்லியன் டாலருக்கு விற்றது. சிலைக்கு மாதிரியாக நின்ற மரி வான் கோத்தெம் ஏழைச் சலவைக்காரியின் மகள். 1882இல் ஓபெரா அவரை வேலையிலிருந்து நீக்கியது.

இப்போது நம் கடைகளிலும் குழந்தைகளுக்கு நெட் ஃப்ராக், டுடு ஃப்ராக் என்று வாங்குகிறோம். அவற்றில் பெரும்பாலானவை நைலான் அல்லது பாலியெஸ்டர்; பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். பிறந்தநாள் கேக் மெழுகுவத்தி, குத்துவிளக்கு, தீபாவளி மத்தாப்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் அந்த உடையோடு குழந்தையை விடாதீர்கள். விளக்கேற்றும் நேரத்துக்கு உடலோடு ஒட்டிய பருத்தி உடை போட்டுவிடுங்கள்.