நன்றிக்கு ஒரு பேரேடு

"ராத்திரி சர்வர் படுத்தபோது எழுந்து வந்து சரிசெய்தீர்கள். காலையில் ஒரு வாடிக்கையாளர்கூட புகார் சொல்லவில்லை." சக ஊழியர் ஒருவர் இதை எழுதி, கூடவே பத்துப் புள்ளி வைத்து அனுப்புகிறார். அலுவலகமே அதைப் படிக்கிறது. ஊழியர் பாராட்டு மென்பொருளின் அடிப்படை வேலை இவ்வளவுதான்.

போனஸ்லி போன்ற மென்பொருள்களில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பை உண்டு. முதல் பையில் மாதாமாதம் நிறுவனம் புள்ளி போடும். அது பிறருக்குக் கொடுக்க மட்டுமே. மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் காலாவதி. இரண்டாவதில் மற்றவர்கள் தந்தது சேரும். அதைப் பரிசு அட்டையாகவோ நன்கொடையாகவோ மாற்றிக்கொள்ளலாம். வீணாகப் போகிறதே என்ற எண்ணத்தில், யாருக்கு நன்றி பாக்கி என்று மனம் தேடத் தொடங்கும். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தொழில் என்னவோ பழையது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1927-இல் தொடங்கிய ஓ.சி. டானர் நிறுவனம், நீண்டகால ஊழியர்களைப் பாராட்டிச் சட்டையில் குத்தும் சின்னங்களைச் செய்து வளர்ந்தது. இன்று மென்பொருளும் விற்கிறது.

இந்த மென்பொருளை உருவாக்குபவர்களுக்கு இது கிட்டத்தட்ட வங்கி வேலை. புள்ளி என்பது பணம். பொத்தானை இரண்டு முறை அழுத்தினாலும் ஒருமுறைதான் கழிய வேண்டும். மாதக் கடைசி நள்ளிரவு சென்னையில் வந்து பல மணி நேரம் கழித்துத்தான் நியூயார்க்கில் வரும். யாருடைய நள்ளிரவில் புள்ளி காலாவதியாகும்? பிப்ரவரி 29-இல் சேர்ந்தவருக்குப் பணி ஆண்டு நிறைவு வாழ்த்து என்றைக்குப் போகும்? அமெரிக்காவில் பரிசு அட்டை சம்பளம்போல வரிக்கு உட்பட்டது. அந்தக் கணக்கும் பிசகக்கூடாது.

இவற்றையெல்லாம் சோதித்துச் சரிசெய்துவிடலாம். கடினமானது வேறு. விற்பனைக்காரரின் வெற்றி எல்லோர் கண்ணிலும் படும், பாராட்டு குவியும். பிழை வெளியே போகாமல் தடுத்தவரின் வேலை யார் கண்ணிலும் படாது. பல மாதங்களாக ஒரு பாராட்டும் பெறாதவர்களின் பட்டியலை மென்பொருள் நொடியில் எடுத்துத் தரும். அதை அவர்களுடைய மேலாளரிடம் காட்டினால் கவனிப்பாரா, அல்லது "இவர் வேலை செய்வதில்லை" என்று முடிவு கட்டிவிடுவாரா? வடிவமைப்பாளர்கள் தயங்கி நிற்க வேண்டிய இடம் இது.

பாராட்டு எழுதும் வெற்றுப் பெட்டியும் அப்படித்தான். உள்ளே மங்கலாக "வாழ்த்துங்கள்" என்றிருந்தால், "சூப்பர்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். "என்ன செய்தார்? யாருக்கு உதவியது?" என்று கேட்டால், அந்த ராத்திரி சர்வரைப் பற்றி எழுதுவார்கள்.